பொருட் சுழற்சியும் யாழ்ப்பாணத்துக் கிணறும்

உள்பொருள் இல்பொருளாதல் இல்லை, இல்பொருளினின்று உள்பொருள் தோன்றுதலும் இல்லை என்பது சற்காரியவாதம். சைவசித்தாந்தம் பயின்றார் யாவரும் இதனை அறிவர். பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் இலவோசியே 1789ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், இரசாயன மாற்றம் எதுவாயினும் அதற்கு முன்னும் பின்னும் பொருளின் நிறை ஒன்றே எனத் தராசு கொண்டு நிறுவினார். மெய்ப்பொருளாராய்ச்சியும் இரசாயன ஆராய்ச்சியும் நோக்கத்தால் வேறானவை. அவை இரண்டும் ஒன்றே எனச் சாதிப்பது எம் கருத்தன்று. ஆயினும் இரண்டிலிருந்தும் அன்றாட வாழ்வுக்கு வேண்டிய பாடம் ஒன்று பெறப்படுகின்றது. எரித்துவிட்டோம், கழுவிவிட்டோம், மண்ணிற் புதைத்துவிட்டோம் என நாம் கூறும் பொருள் எதுவும் ஒழிந்துபோவதில்லை. அஃது இடம் மாறுகின்றது, வடிவம் மாறுகின்றது, காலம் வரும்போது திரும்பி வருகின்றது.

இவ்வுண்மை உலகம் முழுவதற்கும் பொது. பேராறுகள் பாயும் தேசங்களில் இது கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. ஓரூரார் விட்டதை ஆறு வேற்றூருக்குக் கொண்டு சென்றுவிடும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஒருவர் தம் வளவில் விட்டது அவர் கிணற்றிலேயே திரும்ப எழும். ஆதலின் புவியின் பொருட் சுழற்சியை விளக்கப் புகுவார்க்கு நம் கிணற்றினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நான்கு மண்டலங்கள்

புவியை ஆராய்வோர் அதனை நான்கு பகுதிகளாக வகுப்பர். கல்லும் மண்ணும் சேர்ந்தது கற்கோளம். கடல், ஆறு, பனிக்கட்டி, நிலத்தடி நீர் என்பன நீர்க்கோளம். காற்றுப் பரந்திருப்பது வளிமண்டலம். புல் முதல் மனிதன் ஈறாகவுள்ள உயிர்கள் யாவும் உயிர்க்கோளம். உயிர்க்கோளம் என்னும் கருத்துக்கு 1875இல் பெயரிட்டவர் ஒஸ்திரிய நாட்டுப் புவியியலறிஞர் எட்வேட் சூயெசு. 1926இல் அக்கருத்தை விரித்து நூல் செய்தவர் இரசிய நாட்டு வேர்ணாட்சுகி. இந்நான்கும் அடைத்த கதவுகளையுடைய நான்கு அறைகள் அல்ல. ஒரே காபன் அணு இன்று காற்றிலும், நாளை மாவிலையிலும், மறுவருடம் மண்ணிலும், பின்னொருகாற் கடற்சிப்பியிலும் இருத்தல் கூடும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மாணாக்கர் கருத்திற் கொள்ளல் வேண்டும். பொருள் சுழல்கின்றது, சக்தி சுழல்வதில்லை. கதிரவனிடமிருந்து ஒளியாக வரும் சக்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் மேகம், பனிக்கட்டி முதலியவற்றாற் றெறித்துத் திருப்பப்படுகின்றது. எஞ்சியது நிலத்தையும் கடலையும் காற்றையும் வெப்பமாக்கி, நீரை ஆவியாக்கி, இலையில் உணவைச் சமைத்து, ஈற்றில் வெப்பமாக வான்வெளிக்குச் சென்றுவிடுகின்றது. சென்றது மீள்வதில்லை. செக்கு நின்ற இடத்திலேயே சுற்றுகின்றது. அதனை இழுக்கும் மாட்டுக்கோ நாள்தோறும் புதிதாக வைக்கோல் வேண்டும். புவியின் பொருள்கள் செக்கைப் போல்வன. நாள்தோறும் வரும் வெயில் வைக்கோலைப் போல்வது.

கதிரவன் இறைக்கும் நீர்

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். கடலில் உள்ள நீரை வெயில் ஆவியாக்குகின்றது. உப்புக் கடலிலேயே தங்கிவிட, ஆவி மேலெழுந்து மேகமாகி மழையாகப் பெய்கின்றது. இதனை நான்காம் வகுப்புச் சிறுவரும் கூறுவர். ஆயினும் இவ்வேலையின் அளவை நாம் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கிலோகிராம் நீரைச் சாதாரண வெப்பநிலையில் ஆவியாக்குவதற்கு ஏறக்குறைய 2,450 கிலோயூல் சக்தி வேண்டும். எனவே ஒரு கன மீற்றர் நீரை ஆவியாக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 680 அலகு மின்சாரத்துக்குச் சமம். குடாநாட்டின் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர். ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். பெருக்கிப் பார்ப்பின் ஆண்டொன்றுக்கு 125 கோடி கன மீற்றர் நீர் இங்கு வீழ்கின்றது. அதனை ஆவியாக்கக் கதிரவன் செலவிட்ட சக்தியோ 85,000 கோடி அலகு. இலங்கை முழுவதும் இன்று ஓராண்டிற் பிறப்பிக்கப்படும் மின்சாரத்தின் ஏறக்குறைய 50 மடங்கு. இதற்கு நாம் ஒரு சதமும் கொடுத்தோமல்லோம்.

இம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வாடைப் பருவமழையால் வருவது. வீழ்ந்ததில் ஒரு பங்கு மீண்டும் ஆவியாகின்றது. ஒரு பங்கு வழுக்கையாறு போன்ற மாரிகால ஓடைகள் வழியாகவும் வெள்ளவாய்க்கால்கள் வழியாகவும் கடலைச் சேர்கின்றது. எஞ்சிய பங்கே செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அதுவே நம் கிணற்று நீர்.

அந்நீர் தங்கும் முறை வியக்கத்தக்கது. குடாநாட்டைச் சூழவும் அதன் அடியிலும் உவர்நீர் உண்டு. நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்ததாதலின், நடுவே தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் வில்லை வடிவாய் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி 1.025. வேறுபாடு 0.025, அஃதாவது நாற்பதில் ஒரு பங்கு. எனவே நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் அதன்கீழ் ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். ஒல்லாந்தரான பாடன் கைபென் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், செருமானியரான ஹெர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் இவ்விகிதம் அப்படியே பொருந்தாதாயினும் அடிப்படை மாறுவதில்லை. புத்தூர் நிலாவரைக் கேணியின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவர்நீராகவும் இருத்தற்குக் காரணம் இதுவே.

இவ்விகிதத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நீர்மட்டம் ஓரடி தாழும்படி இறைத்து, அந்நிலை நீடித்தால், கீழிருந்து உவர் 40 அடி மேலெழ முற்படும். நம் நீர்மட்டமோ கடல்மட்டத்துக்குச் சில அடிகளே மேலானது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் இவ்வபாயம் சிறிதாயிருந்தது. ஒரு மனிதன் நாள்முழுதும் உழைத்தாற் செய்யத்தக்க வேலை அரை அலகு மின்சாரத்துக்குச் சற்றே மேற்பட்டது. அவன் உண்ட சோறும் அவ்வாண்டு வெயிலில் விளைந்தது. எனவே இறைப்புக்கு இயற்கையே வரம்பு வகுத்திருந்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. அதை ஓட்டும் எண்ணெய் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பெய்த வெயிலின் சேமிப்பு. பண்டை வெயிலின் வலிமையைக் கொண்டு இவ்வாண்டு வெயில் தந்த நீரை இறைக்கின்றோம். செலவின் வேகம் பன்மடங்காயிற்று. வரவு பழைய அளவிலேயே நிற்கின்றது.

கல்லாய்ச் சமைந்த காற்று

இனி, அந்நீரைத் தாங்கும் கல்லைப் பார்ப்போம். குடாநாட்டின் அடித்தளமான சுண்ணாம்புக்கல், புவியியலார் மயோசீன் என வழங்கும் காலத்தில் ஆழங்குறைந்த கடலிற் படிந்தது. அக்காலம் இன்றைக்கு 230 இலட்சம் ஆண்டுகள் முதல் 50 இலட்சம் ஆண்டுகள் வரை முற்பட்டது. சிப்பியும் முருகைப் பூச்சியும் பிறவும் கடல்நீரிற் கரைந்திருந்த கல்சியத்தையும் காபனேற்றையும் கொண்டு தம் கூடுகளைக் கட்டின. அவை இறந்தபின் கூடுகள் குவிந்து இறுகிக் கல்லாயின. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டே கடல்நீரிற் கரைந்து கூடாகிக் கல்லாயிற்று எனலாம்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகின்றது. அவ்வமிலம் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. கீரிமலையிற் கடலோரத்தே ஊறும் நன்னீரும், குடாநாட்டிற் பலவிடத்தும் உள்ள குகைகளும் குழிகளும் இக்கரைதலின் பயன்கள். கரைந்த சுண்ணாம்பு கிணற்று நீரோடு கேத்திலுக்கு வருகின்றது. நீர் கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிக் கேத்திலின் அடியிற் படிகின்றது. வீட்டுப் பெண்கள் சுரண்டி எறியும் அவ்வெண்படையில், கல் கரைதலும் கல் பிறத்தலுமாகிய பெருஞ்சுழற்சி சிறிய அளவில் நிகழ்ந்து முடிகின்றது.

இதே கல்லைச் சூளையிலிட்டால் என்னாகும்? தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோகிராமைச் சுட்டால் 56 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்ச, 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக் காற்றிற் சேரும். எரிபொருளின் புகை இதற்குப் புறம்பானது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை நம் நாட்டுக்குப் பல கட்டிடங்களைத் தந்தது. அக்கட்டிடங்களுக்காகச் சுட்ட கல்லில் அடைபட்டிருந்த காற்றும் வெளிப்பட்டது. உலகெங்கும் நிகழும் நிலக்கரி, எண்ணெய், சீமெந்து ஆகியவற்றின் கணக்கோ மிகப் பெரிது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்திலட்சம் பங்கு காற்றில் 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் 1958இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய 315 பங்காயிருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. அதனால் வெப்பமிகுந்து, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 செந்திமீற்றர் உயர்ந்தது. கடல் உயருமாயின் தாழ்ந்த கரையோரங்களில் நன்னீர் வில்லையும் நெருக்கப்படும். காபன் சுழற்சியின் குழப்பம் நீர்ச்சுழற்சியின் வழியாக நம் கிணற்றைத் தீண்டும் முறை இது.

நைதரசனின் வரவும் செலவும்

நம்மை மிக அண்மையிற் பற்றுவது நைதரசனின் சுழற்சி. காற்றில் 78 சதவீதம் நைதரசன். இவ்வளவு இருந்தும் பயிர் அதனை நேரே உண்ண இயலாது. கடல் நடுவே நிற்பவன் தாகத்தால் வாடுவது போன்றது பயிரின் நிலை. மின்னல் சிறிதளவு நைதரசனைப் பயிருக்கு ஏற்ற வடிவிலாக்குகின்றது. அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் பேரளவில் ஆக்குகின்றன. நம் கமக்காரர் சணல் விதைத்துப் பூக்குங்காலத்தில் உழுது புதைத்தனர். பட்டியடைத்த ஆடுமாடுகளின் எருவையும், பூவரசங்குழையையும், வேலியிலும் கூரையிலும் நைந்த பனையோலையையும் தோட்டத்துக்கு இட்டனர். நைதரசன் என்னும் பெயரை அவர்கள் அறிந்திலர். ஆயினும் மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே மீட்டுக் கொடுக்கவேண்டும் என்பதை நன்கு அறிந்திருந்தனர். இலைகுழையில் உள்ள நைதரசன் மண்ணில் மெதுவாக உக்கியே வெளிப்படும்; வெளிப்படுந்தோறும் பயிர் அதனை உண்ணும்.

செருமானிய அறிஞர் பிரிற்சு ஹாபர் 1909இல் காற்றின் நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கிக் காட்டினார். காள் பொசு அதனைப் பெருந்தொழிலாக்க, 1913இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அந்நாள் தொட்டு மனிதன் நைதரசன் சக்கரத்தைத் தன் கையாலேயே சுழற்றத் தொடங்கினான். உலக மக்களிற் பெரும்பகுதியினர் இன்று உண்ணும் உணவு இக்கண்டுபிடிப்பின் கொடை. அதனைப் பழித்தல் நன்றி மறத்தலாகும். ஆயினும் கொடையின் அளவை அறிதல் வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மூடையில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. முழுவதும் மாறினால் ஏறக்குறைய 102 கிலோகிராம் நைத்திரேற்று ஆகும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆகவே ஒரு மூடை யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்று முழுவதும் நிலத்தடி நீரைச் சேருமாயின், ஏறக்குறைய 20 இலட்சம் லீற்றர் தூய நீரை அவ்வரம்புக்கு உயர்த்தப் போதுமானது. முழுவதும் சேர்வதில்லை; ஒரு பங்கைப் பயிர் உண்கின்றது, ஒரு பங்கு காற்றுக்குத் திரும்புகின்றது. எஞ்சும் பங்கே நம் கவலைக்குரியது.

அப்பங்கை மண் பிடித்து வைப்பதில்லை. களித்துணிக்கைகள் எதிர்மின்னேற்றம் உடையன, நைத்திரேற்றும் எதிர்மின்னேற்றம் உடையது, ஒன்றையொன்று பற்றா. செம்மண்ணோ நீரை விரைவில் வடியவிடுவது. அதன் கீழுள்ள கல்லோ வெடிப்புக்கள் நிறைந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் பசளையிட்டு மறுநாள் வாய்க்கால் நிறைய நீர் பாய்ச்சினால், பயிர் உண்டு மிஞ்சியது அந்நீரோடு கிணற்றுக்கே இறங்குகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்து கசியும் நைதரசனும் அவ்வழியே செல்கின்றது. 1980களில் நிகழ்ந்த ஆய்வுகளே வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று வரம்பு கடந்திருத்தலை எடுத்துக்காட்டின.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணாற் கண்டும் நாவாற் சுவைத்தும் அறிதல் இயலாது. உவரை நாக்கு அறியும்; இதனை ஆய்வுகூடமே அறியும். கொதிக்க வைப்பின் கிருமி மடியும். நைத்திரேற்றோ அகலாது, நீர் வற்றுந்தோறும் செறிவு மிகும். புட்டிப்பால் உண்ணும் பச்சிளங் குழந்தையின் வயிற்றில் இது நைத்திரைற்றாக மாறிக் குருதியின் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும்; மிகுந்தால் உடல் நீலம் பாரிக்கும்; உயிருக்கும் இறுதி நேரும். எனவே கைக்குழந்தை உள்ள வீட்டார் தம் கிணற்று நீரைச் சோதித்தறிதல் கடமையாகும்.

சக்கரங்களின் வேகம்

சுழற்சி நின்றுவிடவில்லை, எந்நாளும் நில்லாது. தவறு வேகத்தில் உள்ளது. வளிமண்டலத்தில் நீராவி தங்குங் காலம் சராசரி ஏறக்குறைய 9 நாள். கடலிற் சேர்ந்த நீர்த்துளி மீண்டும் ஆவியாகச் சராசரி 3,000 ஆண்டு வரை செல்லும். சுண்ணாம்புக்கல்லில் அடைபட்ட காபன் இயற்கையாக மீளப் பல கோடி ஆண்டுகள் வேண்டும். நைத்திரேற்றை மீண்டும் காற்று நைதரசனாக மாற்றும் பற்றீரியாக்கள் உண்டு; ஆயினும் அவற்றுக்கு ஒட்சிசன் இல்லாத சூழலும் உக்கும் இலைகுழையும் வேண்டும். ஆழ்ந்த கல்வெடிப்பில் அவை குறைவு. ஒரு நாளில் இடும் பசளை கிணற்றினின்று நீங்கப் பல ஆண்டுகள் ஆகலாம்.

விரைந்து மிகுத்தல் எவ்வாறு தவறோ அவ்வாறே விரைந்து நிறுத்துதலும் தவறு. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி சடுதியாகத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, கமக்காரர் துன்புற்று, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை தளர்த்தப்பட்டமை யாவரும் அறிந்தது. பல ஆண்டுகளாக மண்ணின் இயற்கை வளத்தைக் கட்டியெழுப்பிய பின்னரே பசளையின் தேவையைக் குறைத்தல் கூடும்.

செய்யத்தக்கன

மருந்து சுழற்சியின் இயல்பிலேயே உள்ளது. வீழும் மழை கடலுக்கு ஓடுமுன் அதனை நிலத்தில் நிறுத்துதல் முதலாவது. ஊர்தோறும் குளமும் கேணியும் தொட்ட முன்னோர் செய்தது இதுவே. அவற்றைத் தூர்வாரியும், அவற்றுக்கு வரும் வாய்க்கால்களை அடையாமற் பேணியும் வருதல் நம் கடமை. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1950களில் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டமும், உட்கடல் நீரேரிகளில் உவர் புகாது தடுத்து மழைநீரைத் தேக்கும் நோக்கம் உடையதே. இரண்டாவது, பசளையைச் சிறு பங்குகளாகப் பயிர் வேண்டும் வேளையில் இட்டு, அளவறிந்து நீர் பாய்ச்சுதல். மூன்றாவது, கழிவுக்குழியைக் கசியாவண்ணம் கட்டுதல். வெடிப்புள்ள கல்லில் தூரம் மட்டும் காவலாகாது.

2024இல் தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. வேண்டியதொரு பணியே. இத்தகைய நிலையங்கள் உவர்நீரை மென்சவ்வினூடாக அழுத்தி வடிக்கக் கன மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 அல்லது 4 அலகு மின்சாரம் வேண்டும். கதிரவன் 680 அலகு செலவிட்டு இலவசமாகத் தந்த நீரை நம் கையாற் கெடுத்துவிட்டு, விலை கொடுத்து மறுபடி வடித்தல் அறிவுடைமையாகாது. கடல்நீர் நிலையம் கிணற்றுக்குத் துணையாகலாம். கிணற்றைக் கைவிடுதற்குக் காரணமாகலாகாது.

இவ்விழா மலரை விரிக்கும் பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம். விஞ்ஞானம் ஆய்வுகூடத்தோடு முடிவதன்று. வகுப்பு மாணாக்கர் மாதந்தோறும் தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தையும், உவரையும், நைத்திரேற்றையும் அளந்து குறித்துவைக்கும் வழக்கத்தைக் கல்லூரியில் ஏற்படுத்த அவர்கள் உதவுவாராக. பெருங்கருவிகள் வேண்டியதில்லை, அளவுநாடாவும், உவர் காட்டும் சிறு கருவியும், சோதனைத்தாளும் போதும். பத்தாண்டு தொடர்ந்து எழுதிய அக்குறிப்பேடு குடாநாட்டின் நீருக்கு நம்பத்தக்க சான்றாகும். அடுத்த விழா மலரை ஆக்குவோர் அதில் உள்ள எண்களைக் கொண்டே தம் கட்டுரையை எழுதலாம்.